பின்னால் யாரும் நிற்கக் கூடாது

"படு! படு! படு!"

சந்திரன் கத்துகிறான். நான் ஏற்கெனவே படுத்துத்தான் இருக்கிறேன். முகம் சேற்றுக்குள். வாய்க்குள் சேறு. முதல் குண்டு தோப்புக்கு அந்தப் பக்கம் விழுகிறது. தரை என்னைத் தூக்கிப் போடுகிறது. இரண்டாவது குண்டு கிட்டே. மூன்றாவது விழுந்த சத்தம் எனக்கு ஞாபகம் இல்லை. மூச்சு அடைத்தது. முதுகில் மண் கொட்டியது. மரக்கிளை கொட்டியது. ஏதோ சூடாகக் காலில் பட்டது. ரத்தம் என்று நினைத்தேன். கேத்தல் கவிழ்ந்து கொட்டிய தேத்தண்ணி.

நான்காவது. ஐந்தாவது. நிற்கவில்லை. முதலில் எங்கேயோ தூரத்தில் கதவைச் சாத்துவது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் விசில். விசில் கேட்டால் அது நமக்கு இல்லை என்று எங்களோடு வந்த நிமல் அய்யா சொல்லியிருந்தார். கதவுச் சத்தத்துக்குப் பிறகு விசிலே வராவிட்டால்தான் பயம். நான் விசிலுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தேன்.

சந்திரன் தலையைத் தூக்கினான். இரண்டு காதிலிருந்தும் ரத்தம் மெல்லிய கோடாகக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அப்பாடா! நின்னுருச்சு மச்சான்."

நிற்கவில்லை. அவன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு விழுந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து கால்சட்டையில் இருந்த சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் காலரைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டேன். அவன் மேல் நான் படுத்துக்கொண்டேன். "எதுக்குடா இழுக்கிற, அதான் நின்னுருச்சே" என்று என் நெஞ்சுக்கு அடியில் திட்டிக்கொண்டே கிடந்தான். அப்போதுதான் அவனுடைய காது போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது.

அன்றைக்குத் தீபாவளி. ஊரில் எங்கள் லயத்து வீடுகளில் இந்நேரம் பிள்ளைகள் எண்ணெய் வைத்துக் குளித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் யோகராஜ். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே மருந்தடிக்கிற வேலை. தேயிலைக்கு நடுவில் முளைக்கிற புல்லுக்கு மருந்து. கேனை முதுகில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்குகிற வேலை. சந்திரன் என் தங்கச்சி புஷ்பத்தின் புருஷன். அவனுக்கு நுவரெலியா மார்க்கெட்டில் கரட் கழுவுகிற வேலை. விடிய முன்னே ஐஸ் தண்ணியில் கால் வைத்து நிற்கிற வேலை. அவனுக்குக் கால் விரல் எல்லாம் வெடித்திருக்கும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வீரத்துக்கு இல்லை. திரும்பி வந்த நாளில் இருந்து டவுனுக்கு இறங்கினால் த்ரீவீல் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. கல்யாணம் கட்டின ஆம்பிளைகள். போனில் படம் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு எல்லாச் சாமானின் பெயரும் தெரியும்.

"யோகு, டாங்கி அடிக்கிற லாஞ்சர்ல ஒனக்கு எது புடிச்சிச்சு? சும்மா சொல்லு. நீதானே கையில தூக்கினவன்."

நான் பதில் சொன்னதில்லை. ஒரு தடவை ஒருவன் விடாமல் கேட்டான். கையில் இருந்த தேத்தண்ணி கிளாஸைத் தரையில் அடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு மண்டை பிசகிவிட்டது என்று பேச்சு. பேசட்டும். ஆனால் அதே ஸ்டாண்டில் இருந்து போன மாதம் இரண்டு பேர் எங்களை அனுப்பினவன் மாதிரியே ஒரு ஏஜெண்டைப் பார்க்கக் கொழும்புக்குப் போயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் பதில் சொல்கிறேன். எனக்கு எது பிடித்தது, ஏன் பிடித்தது, அதை வைத்து நான் என்ன செய்தேன். எல்லாம் சொல்கிறேன்.

நாட்டின் பெயரை எழுதவில்லை. வழக்கு நடக்கிறது, பெயர் எதையும் எழுதாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பனி பெய்கிற நாடு. உங்களுக்கே தெரியும்.

ஏஜெண்டு எங்களுக்குச் சொன்னது சமையல் வேலை. முகாமில் காய்கறி வெட்டுகிற வேலை. சந்திரனைப் பார்த்து, "கரட் கழுவுற ஆளா? அப்ப ஒனக்கு அங்க ராஜ வாழ்க்கை" என்றான். சந்திரன் அதை நம்பினான். நானும்தான் நம்பினேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் புஷ்பம் என் பக்கத்தில் வந்து நின்றாள். புருஷனிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"அண்ணே, அவருக்கு ஒன்னும் தெரியாது. யார் என்ன சொன்னாலும் தலைய ஆட்டுவாரு. ஒன்ன நம்பித்தான் அனுப்புறேன். எங்கயும் தனியா விட்டுறாத."

"விட மாட்டேன் புள்ள" என்றேன்.

எங்களோடு இன்னும் இரண்டு பேர். ஒருவன் மஸ்கெலியா ஜோசப். எங்களை மாதிரித் தோட்டத்து ஆள். கழுத்தில் ஜெபமாலை, கையில் எப்போதும் போன். இன்னொருவர் நிமல் அய்யா. பொல்பிட்டிய பக்கத்துச் சிங்கள ஆள். அய்யா என்றால் சிங்களத்தில் அண்ணன். இங்கே ஆர்மியில் இருந்து பென்ஷனில் வந்தவர். எங்கள் மூன்று பேருக்கும் சிங்களம் தெரியும். அவர் எங்களை மல்லி, மல்லி என்று தம்பியாகவே வைத்திருந்தார். அவரிடமும் சமையல் வேலை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் விமானத்தில் இருந்து இறங்கி லொறியில் ஏற்றினபோதே அவருக்கு முகம் செத்துவிட்டது. "மல்லி, இது குசினிக்குப் போற ரோடு இல்லை" என்றார்.

அந்தச் சமையல் குசினியை நாங்கள் பார்க்கவே இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கினார்கள். உடுப்புக் கொடுத்தார்கள். நான் உண்மையைச் சொல்கிறேன், முதல் நாளே எனக்கு வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது. அது நிற்கவே இல்லை.

பயிற்சி என்று ஒன்று நடந்தது. அதில்தான் அந்தக் குழாயை முதலில் பார்த்தேன். தோளில் வைத்து டாங்கியை அடிக்கிற குழாய். பழைய மாதிரி. முன்பக்கம் வாழைப்பூ மாதிரி ஒரு ராக்கெட்டைச் செருக வேண்டும். பயிற்சி கொடுத்தவன் ஒரு மரப்பெட்டியைக் குழாய்க்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி வைத்தான். எல்லாரையும் பக்கவாட்டில் நிற்கச் சொன்னான். சுட்டான். முன்னால் எங்கே போய் விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தேன். பெட்டி இல்லை. குச்சி குச்சியாகப் புகைந்துகொண்டு கிடந்தது.

நிமல் அய்யா எங்களிடம் சிங்களத்தில் சொன்னார். "முன்னால நெருப்பு போற மாதிரியே பின்னாலயும் போகும் மல்லி. முன்னால சாகிறது எவனோ. பின்னால நின்னா சாகிறது நம்ம ஆளு. பின்னால யாரும் நிக்கக் கூடாது. அதை மறந்துட்டு வேற எதை ஞாபகம் வச்சாலும் பிரயோசனம் இல்லை."

எல்லாரும் தலையாட்டினோம். அப்புறம் என் முறை. பள்ளத்தில் இருந்து மேட்டுக்கு ஏறி நின்று பிடிக்கச் சொன்னான். ராக்கெட் போடாத வெறும் குழாய்தான். தோளில் வைத்தேன். ஈர மண். கால் வழுக்கியது. வழுக்கின அந்த நொடியில் என் முதுகில் ஒரு உள்ளங்கை வந்து அமர்ந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. சந்திரன்.

தோட்டத்து ஆளுக்கு இது சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் மலை செங்குத்து. மருந்துக் கேன் நிறைந்திருக்கும். கொழுந்து மூட்டையும் அப்படித்தான். பாரத்தோடு ஒருவன் மேட்டில் ஏறினால் பின்னால் வருகிறவன் அவன் முதுகுக்கோ கேனுக்கோ கை வைத்து அண்டக் கொடுப்பான். கேட்டுக் கொடுப்பதில்லை. பெயர் தெரியாத ஆளாக இருந்தாலும் கொடுப்பான். முதல் நாள் சண்டை போட்டவனும் கொடுப்பான். சந்திரன் கரட் கழுவப் போனாலும் லயத்தில் பிறந்தவன்தான். பாரத்தோடு ஒருவன் வழுக்கினால் அவன் கை தானாகப் போகும்.

பயிற்சிக்காரன் ஓடிவந்து சந்திரன் இடுப்பில் ஓங்கி உதைத்தான். அவன் பள்ளத்துக்குள் உருண்டான். நிமல் அய்யாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "இப்பத்தானே மல்லி சொன்னேன்! ஏன் பின்னால போன?"

சந்திரன் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். "பாரத்தோட நிக்கிறவனுக்குப் பின்னால நிக்காம வேற எங்கங்க நிக்கிறது?"

அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அன்றைக்கு நாங்கள் தோட்டத்து ஆட்கள் மூன்று பேரும் ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். சுடுவதற்கு முன்னால் "ஒதுங்கு" என்று கத்த வேண்டும். மலையில் மேலே இருந்து கல்லு உருண்டால் அப்படித்தான் கத்துவோம். அந்தச் சத்தம் கேட்டால் யோசிக்காமல் பக்கவாட்டில் பாய்வோம். சந்திரனைப் பத்து இருபது தடவை பழக்கினேன். "ஒதுங்கு!" பாய்வான். "ஒதுங்கு!" பாய்வான். கை தானாகப் போனால் போகட்டும், இந்தச் சத்தம் அவனை இழுத்துவிடும் என்று எனக்குத் தைரியம் வந்தது.

ஜோசப்பை எங்களுக்கு முன்னால் அனுப்பினார்கள். அவன் சின்னக் குழாயை எடுத்துக்கொண்டான். ஒரு தடவை சுட்டுவிட்டு வீசிவிடுகிற மாதிரி. லேசு. அவனுக்கு ஒரே சந்தோஷம். போனில் பார்த்த சாமான். "இதுதான் மாஸ்" என்று தோளில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னான். நான்தான் எடுத்தேன். சின்னக் குழாய் எடுத்தவர்களை மரவரிசை ஓரமாக ஒரு குழிக்கு ஒருவராக உட்கார வைத்தார்கள். ஒருவருக்குத்தானே அந்தச் சாமான். துணைக்கு ஆள் எதற்கு. ஜோசப் குழி நாங்கள் காத்திருந்த இடத்தில் இருந்து தெரிகிற தூரம்தான். இரண்டாம் நாள் ட்ரோன் வந்தது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. தோட்டத்தில் புல் வெட்டுகிற மெஷின் இருக்கிறதே, அதைத் தூரத்தில் ஓட்டினால் வருகிற சத்தம். அது ஜோசப் குழிக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவன் எங்களைக் கூப்பிட்டான். "யோகண்ணே! நிமல் அய்யா! யாராச்சும் வாங்களேன்!" நாங்கள் போகவில்லை. போக முடியாது. அது இறங்கியது.

அதற்குப் பிறகுதான் எங்கள் முறை.

இடிந்த மாட்டுக் கொட்டகை ஒன்றுக்குப் பின்னால் படங்குச் சீலை விரித்து ஆயுதங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மேலாளாக இருந்தவனுக்கு ஒரு பல் தங்கம். அவன் போனுக்குள் தன் பாஷையில் ஏதோ பேசினான். போனை எங்கள் பக்கம் திருப்பினான். ஒரு பெண் குரல், ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி சுத்தமான தமிழில் சொன்னது.

"உங்களுக்கு விருப்பமான ஆயுதத்தைத் தேர்வு செய்யவும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆத்திரமும் வந்தது. அந்த நாட்டுக்காரர் யாரும் என்னிடம் தமிழில் பேசியதில்லை. முதல் தடவை பேசினது அதுதான்.

மூன்று வகை இருந்தது. ஒன்று ஜோசப் எடுத்த சின்னக் குழாய். இன்னொன்று எதிராளியிடம் பிடித்த வெளிநாட்டுச் சாமான். தடியாக, கண்ணாடி வைத்து, பார்க்கவே பயமாக. அது தானாகவே டாங்கியைத் தேடிப் போகுமாம். நிமல் அய்யா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு பெட்டரி செத்துவிட்டது, வெறும் கட்டை என்று வைத்துவிட்டார். மூன்றாவது, பயிற்சியில் பார்த்த பழைய நீளக் குழாய். வாழைப்பூ ராக்கெட். பாரம். ராக்கெட்டுகளைப் பையில் தூக்கிக்கொண்டு கூடவே ஓடுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

நிமல் அய்யா சின்னக் குழாய் இரண்டை எடுத்துக்கொண்டார். என்னிடமும் அதையே நீட்டினார். "இதை எடு மல்லி. அடிச்சமா, வீசினமா, ஓடினமான்னு இருக்கும். அந்தப் பெருசை வச்சுக்கிட்டு ஓட முடியாது. ரெண்டாம் தரம் ராக்கெட் போடுறதுக்குள்ள ஒன்னைப் பாத்துருவான்."

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் சொல்கிறேன், சரி. நான் நீளக் குழாயை எடுத்தேன்.

"பிஸ்ஸுத?" என்றார். பைத்தியமா என்று அர்த்தம்.

நான் சந்திரனைக் கையால் காட்டினேன். "இது ரெண்டு பேர் சாமான் அய்யா."

அவர் சந்திரனைப் பார்த்தார். ராக்கெட் பையை எடுத்து அவரே அவன் முதுகில் மாட்டிவிட்டார். மூன்று ராக்கெட். வாரை இழுத்து இறுக்கினார். சந்திரன் தோளை இரண்டு தடவை அசைத்துப் பார்த்தான். "மருந்துக் கேன விட லேசுதான் மச்சான்" என்றான்.

ஸ்டாண்டில் கேட்கிறவர்களே, இதுதான் பதில். எது தூரம் போகும், எது இரும்பைத் துளைக்கும் என்று நான் பார்க்கவில்லை. எதை எடுத்தால் என் தங்கச்சி புருஷனை என் பக்கத்திலேயே விடுவார்கள் என்று பார்த்தேன். எனக்குப் பிடித்தது அதுதான்.

விட்டார்கள். ஒரே குழியில் இரண்டு பேரும். நிமல் அய்யா எங்களுக்கு இடது பக்கம், தனியாக. கிட்டத்தான்.

அந்தக் குழியில் இருந்தபோதுதான் தீபாவளிக் குண்டு. அந்தக் காலையில்தான் சந்திரன் காது போனது. குண்டு ஓய்ந்த பிறகு நான் தங்கப் பல்லனிடம் ஓடினேன். கையைக் காதில் வைத்து ஆட்டிக் காட்டினேன். அவனைப் பின்னுக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். காலில் விழுந்தேன். வெட்கமில்லை, எழுதுகிறேன். அவன் போனுக்குள் பேசினான். அதே பெண் குரல்.

"சுமப்பதற்குக் காது தேவையில்லை."

சந்திரனுக்கு அதுவும் கேட்கவில்லை. "என்னா சொல்றான்? ஆஸ்பத்திரிக்கா?" என்று கத்தினான். காது போனதில் இருந்து கத்தித்தான் பேசுவான். நான் தலையாட்டினேன். நாளைக்கு என்று கையால் காட்டினேன். புஷ்பம் சொன்ன மாதிரியே அவனும் தலையாட்டினான்.

"ஒதுங்கு" இனி உதவாது. வேறு பேச்சு வைத்தோம். நான் அவன் தலைக்கவசத்தில் இரண்டு தடவை தட்டுவேன். அவன் பக்கவாட்டில் பாய வேண்டும். தட்டினேன். பாய்ந்தான். மறுபடி தட்டினேன். பாய்ந்தான். சிரித்தான். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை. மூடுபனி. நுவரெலியா ரோட்டில் விழுகிற மாதிரியே. கொஞ்சத் தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பனி இருந்தால் ட்ரோன் வராது. அதனால் கொஞ்சம் மூச்சு விட்டேன். அப்போது அந்தச் சத்தம். கொழுந்து லொறி நிறைந்த பாரத்தோடு தேயிலை ஸ்டோர் வளைவில் கீழ்க் கியரில் ஏறுமே, அந்த உறுமல். கூடவே இரும்பு இரும்பில் உரசுகிற சத்தம். தரை அதிர்கிறது. குழிச் சுவரில் இருந்து மண் உதிர்கிறது.

சந்திரனுக்குக் கேட்கவில்லை. கால் வழியாகத்தான் தெரிந்துகொண்டான். என்னைப் பார்த்தான். பையில் இருந்து ராக்கெட்டை எடுத்து என் குழாயில் அவனே செருகினான்.

"மல்லி! என்னவா! என்னவா!" நிமல் அய்யா. வருகிறது, வருகிறது என்று கத்துகிறார்.

குழிக்குள் இருந்து சுட முடியாது. பின்பக்கச் சுவரில் பட்டு நெருப்பு நம்மேலேயே திரும்பும். மண் அணைக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். ஏறினேன். குழாய் தோளில். இரண்டு கையும் குழாயில். பனிக்குள்ளே கறுப்பாக ஒரு வீடு நகர்ந்து வருகிறது. பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு போகிறது. பக்கவாட்டில் அடித்தால்தான் துளைக்கும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். நன்றாகத் தெரிகிறது. இவ்வளவு பெரிதாக, இவ்வளவு கிட்டே.

கால் வழுக்கியது.

முதுகில் உள்ளங்கை.

"ஒதுங்கு!" கத்தினேன். "ஒதுங்குடா! சந்திரா! ஒதுங்கு!"

கேட்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன். தலையில் தட்டக் கை இல்லை. ஒரு கையை எடுத்தால் குழாய் விழும். குதிகாலால் பின்னுக்கு உதைத்தேன். நெஞ்சில் பட்டது. அவன் நகரவில்லை. அந்தக் காலைப் பிடித்தான். பிடித்து, தூக்கி, தன் தோளில் வைத்துக்கொண்டான். பாறை ஏறும்போது கீழே நிற்கிறவன் தோளைக் கொடுப்பானே, அப்படி. எனக்குக் கால் பிடி கிடைக்கவில்லை என்று நினைத்துவிட்டான். கீழே இருந்து கத்துகிறான். "மிதிச்சுக்க மச்சான்! நல்லா மிதிச்சுக்க! நான் புடிச்சிருக்கேன்!"

"கஹபன்! மல்லி, கஹபன்!" நிமல் அய்யா. அடி என்கிறார்.

விரல் விசையில் இருக்கிறது. இரும்பு வண்டி முன்னால் இருக்கிறது. என் கால் அவன் தோளில். குழாயின் பின்வாய் அவன் முகத்துக்கு நேரே. எனக்கு அந்த மரப்பெட்டி தெரிந்தது. புஷ்பம் தெரிந்தாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். தெரியவில்லை. பெட்டிதான் தெரிந்தது.

"கஹபன்!"

நான் சுடவில்லை.

நிமல் அய்யா சுட்டார். சின்னக் குழாய். அவருக்கு வண்டியின் முகப்புத்தான் நேராக இருந்தது. பட்டது. ஒரு பெரிய மணி அடித்த மாதிரிச் சத்தம். வண்டி நின்றது. அவ்வளவுதான். அதன் தலை மெதுவாகத் திரும்பியது. அவர் குழியில் இருந்து வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவர் இரண்டாவது குழாயை எடுக்கக் குனிந்ததைப் பார்த்தேன். அவர் கடைசியாகக் கத்தினது அடி என்று இல்லை. "துவபன்!" ஓடு என்று. அது எங்களுக்கா, அவருக்கேயா என்று எனக்குத் தெரியாது.

வண்டி இரண்டு தடவை சுட்டது. பனி சிவந்தது. அப்புறம் நிமல் அய்யாவின் குழி மேலேயே ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

நான் அணையில் இருந்து சரிந்து விழுந்தேன். சந்திரன் என்னைத் தாங்கினான். அதற்குப் பிறகு எங்கிருந்தோ குண்டு. ஒரு காலில் சூடு. தேத்தண்ணி என்று நினைத்தேன். இந்தத் தடவை ரத்தம். சந்திரன் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். குழாயையும் விடவில்லை, பையையும் விடவில்லை. சாமானைத் தொலைத்தால் அடிப்பார்கள் என்று பயம் அவனுக்கு.

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். சந்திரன் என்னிடம் கத்திச் சொன்னான். "அந்தச் சனியன் வேல செய்யல, என்னா? பழுதான சாமானக் குடுத்துட்டானுங்க! நெனச்சேன்!" வார்டே திரும்பிப் பார்த்தது. நான் தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் இருந்து தூதரகத்துக்கு ஓடினதும், அங்கே கிடந்ததும், ஊர் வந்ததும் தனிக் கதை. வந்துவிட்டோம். புஷ்பத்தின் கையில் அவனைக் கொடுத்தேன்.

அவள் அவனிடம் பேசினாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நிமல் அய்யாவின் அக்கா எங்கள் லயத்துக்கு வந்தார். பொல்பிட்டியவில் இருந்து பஸ் மாறி மாறி. கித்துள் கருப்பட்டி கொண்டுவந்திருந்தார். வாசலில் உட்கார்ந்து அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். கடைசியில் தம்பி பக்கத்தில் ஆள் இருந்ததா?

"நான் இருந்தேன்க்கா" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"எவ்வளவு கிட்ட?"

நான் லயத்துத் தண்ணிப் பைப்பைக் காட்டினேன். அவ்வளவு தூரம். அவர் பைப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பைப்பைப் பார்த்தார்.

"லங்கம நே" என்றார். கிட்டத்தானே.

ஆமாம் என்றேன். சந்திரன் உள்ளே இருந்து தேத்தண்ணி கொண்டுவந்து அவருக்கு இரண்டு கையாலும் கொடுத்தான். அவர் அவன் தலையைத் தடவிவிட்டுப் போனார். மிச்சத்தை நான் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. இதை யாராவது அவருக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினால் காட்டட்டும்.

நான் செய்தது தப்பு என்று எழுதவில்லை. அதே அணையில் மறுபடி கொண்டுபோய் நிறுத்தினாலும் சுடமாட்டேன். அதுதான் எனக்குப் பயம். நிமல் அய்யா மறுபடியும் கத்துவார், நான் மறுபடியும் சும்மா நிற்பேன். அது எனக்கு உறுதியாகத் தெரியும்.

போன வாரம் கீழ் ரோட்டில் இருந்து அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு படி ஏறினேன். மழை விட்ட நேரம். தூரத்து மலையில் புல் வெட்டுகிற மெஷின் ஓடத் தொடங்கியது. எனக்குக் கால் வழுக்கியது. முதுகில் ஒரு உள்ளங்கை வந்து அமர்ந்தது. நான் மூட்டையைப் போட்டுவிட்டு "ஒதுங்கு! ஒதுங்கு!" என்று அலறிக்கொண்டு படியோரத் தண்ணிக் கானுக்குள் பாய்ந்தேன். அரிசி படி முழுக்க. லயமே வெளியே வந்து பார்த்தது. சந்திரன் குனிந்து ஒவ்வொரு பிடியாக அரிசியை அள்ளிச் சாக்கில் போட்டான். என் அலறல் அவனுக்குக் கேட்கவில்லை. அவன் கானுக்குள் கை நீட்டி என்னைத் தூக்கிவிட்டு, மூட்டையை என் தோளில் வைத்து, மறுபடியும் எனக்குப் பின்னால் வந்து நின்றான்.

அவனுக்கு இன்னும் தெரியாது. அந்தக் குழாய் பழுது என்றுதான் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். அவனுக்குக் காதுதான் இல்லை. தமிழ் வாசிப்பான். இதை வாசிப்பான்.

இனிக் கணக்கு.

மஸ்கெலியா ஜோசப். உடல் வரவில்லை. நான் எடுத்த படத்தைத்தான் மாலை போடாமல் வைத்திருக்கிறார்கள். சவப்பெட்டி வரட்டும் என்று அவன் அம்மா இன்னும் பூசை ஒப்புக்கொடுக்கவில்லை. நிமல் அய்யா. அவருக்கும் பெட்டி வரவில்லை. சந்திரனின் இரண்டு காது. அவன் கடைசி மகள் பேச ஆரம்பித்திருக்கிறாள், அவள் குரல் எப்படி இருக்கும் என்று என்னிடம் எழுதிக் கேட்டான். என் இடது காலில் இரண்டு விரல். இனிக் கேன் தூக்க முடியாது, வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஏஜெண்டுக்குப் பணம் கட்ட அடகு வைத்த புஷ்பத்தின் தோடும் சங்கிலியும்.

ஆஸ்பத்திரி வாசலில் சந்திரன் குழாயையும் பையையும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தான். வாங்கினவன் பையைத் திறந்து பார்த்தான். குழாயில் செருகியிருந்ததை இழுத்து எடுத்துப் பையில் இருந்த இரண்டோடு சேர்த்து வைத்தான். மூன்று கொடுத்தார்கள். மூன்றும் இருந்தது.